சங்கிலியை அடகு வைத்து மொடலாகலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்தவள். வயது 20. நாடகமும் அரங்கியலும் உட்பட மூன்று பாடங்களில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். ஊரில் பியூட்டிஷன் அக்கா ஒருவருக்கு மணப்பெண் மொடலாக இருந்தேன். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு ஏஜென்சி கொழும்பிலிருந்து பேசியது. 85,000 ரூபாய் கட்டினால் படம் பிடித்து, பயிற்சி தந்து, சென்னையில் சினிமா வாய்ப்பும் எடுத்துத் தருவார்களாம். மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். ஜக்குலின், பூஜா எல்லாம் மொடலாக இருந்துதானே நடிகை ஆனார்கள்? அம்மா இதைக் கேட்டதும் அழுகிறார். என் சங்கிலியை அடகு வைக்கட்டுமா?
– வாசகி, கல்லடி

பதில்: அன்பு மகளுக்கு, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த 85,000தான் தவறு. மொடலிங் என்பது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. துணிக்கடையோ விளம்பரக் கம்பனியோ மொடலுக்குக் காசு கொடுக்கும். அதில் ஒரு பங்கை ஏஜென்சி தரகாக எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால், உங்களுக்கு வேலை கிடைத்தால்தான் அவர்களுக்கும் வருமானம். முதலிலேயே உங்களிடம் காசை வாங்கிவிட்டவருக்கு உங்களுக்காக வேலை தேட என்ன அவசரம்? 'மாதக் கடைசிக்குள்' என்ற தவணையும் உங்களை யோசிக்க விடாமல் வைப்பதுதான்.

படத்துக்கென்று பெரிய செலவும் இல்லை. மேக்கப் போடாமல், தலைமுடியை இழுத்துக் கட்டி, வெறும் சுவருக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் நில்லுங்கள். முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று. தங்கச்சியின் போனே போதும். ஆள் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க விரும்புவது அலங்காரம் இல்லாத முகத்தைத்தான்.

இனி நீங்கள் சொன்ன இரண்டு பேரிடம் வருவோம். ஜக்குலின் பெர்னாண்டஸ் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தவர். இங்கே இலங்கையில் தொலைக்காட்சி நிருபராக வேலை செய்தார். 2006இல் மிஸ் யுனிவர்ஸ் ஸ்ரீலங்கா பட்டம் கிடைத்தது. முதல் இந்திப் படம் 2009இல் வந்தது, பெரிய வெற்றி 2011இல்தான். தாய்மொழி அல்லாத இந்தியைப் படித்துக்கொண்டு அந்தத் துறையில் நின்றார். பட்டம் கிடைத்த அடுத்த மாதமே யாரும் அவரைக் கதாநாயகி ஆக்கவில்லை. அதுவரை படிப்பும் தொழிலும் கையில் இருந்தன.

பூஜா உமாசங்கரின் கதைதான் உங்களுக்கு இன்னும் பயன்படும். மொடலாக இருந்து 2003இல் 'ஜே ஜே' மூலம் தமிழுக்கு வந்தார். அழகான கதாநாயகியாகப் பல படங்கள் செய்தார். ஆனால் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது 2009இல் வந்த 'நான் கடவுள்'. அதில் அவர் கண் தெரியாத பிச்சைக்காரப் பெண். மொடலுக்குரிய அழகு எதையும் அந்தப் பாத்திரம் கேட்கவில்லை. அழுக்கு உடையும் பார்வையில்லாத கண்களுமாகப் படம் முழுக்க நிற்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் பிலிம்பேர் விருதும் கிடைத்தது. அவரைக் கமராவுக்கு முன்னால் கொண்டுவந்தது முகம், அங்கே நிலைக்க வைத்தது நடிப்பு. நடிப்பை மணப்பெண் அலங்காரத்தில் படிக்க முடியாது மகள்.

எங்கே படிப்பது? உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நாடகமும் அரங்கியலும் அங்கே பட்டப்படிப்பாகவே உண்டு. நுழைவதற்கு உளச்சார்புப் பரீட்சை, அதாவது உங்கள் திறமையைப் பார்க்கும் பரீட்சை இருக்கும், பெறுபேறு வருமுன்பே அதற்குத் தயாராகுங்கள். வடமோடி, தென்மோடி என்ற நம் மரபுக் கூத்துகளை ஆடுகிற ஊர்களுக்குப் போய் ஒரு இரவு முழுக்க இருந்து பாருங்கள். விடிய விடியத் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு பாடி ஆடுகிறவர்களிடம் மூச்சைப் பற்றிக் கேளுங்கள். தமிழ்ப் படங்களில் எத்தனையோ கதாநாயகிகளுக்கு வேறொருவர்தான் குரல் கொடுக்கிறார். சொந்தக் குரலில் தமிழ் பேசி நடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு அது பெரிய பலம். நம்முடைய அமிர்தகழியில் பிறந்த இயக்குநர் பாலு மகேந்திராவும் பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டுத்தான் சினிமாவுக்குள் போனார்.

சென்னைப் பேச்சுக்கு வருகிறேன். சுற்றுலா விசாவில் போய் இந்தியாவில் வேலை செய்வது சட்டப்படி கூடாது. வெளிநாட்டில் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்கிற எந்த முகவரும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அந்த ஏஜென்சியின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். வட்ஸ்அப்பில் உடம்பைக் காட்டும் படம் கேட்டாலோ, இராத்திரியில் தனியாகப் பேச அழைத்தாலோ, பதில் எழுதாமல் அந்தச் செய்திகளைச் சேமித்து வையுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938ஐ அழையுங்கள்.

பியூட்டிஷன் அக்காவிடமும் கூச்சப்படாமல் பேசுங்கள். அடுத்த முறை கூலி எவ்வளவு, படங்களை எங்கே, எவ்வளவு காலம் போடுவார் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து மணித்தியாலம் கனத்த சேலையும் நகையுமாக நிற்பதும் வேலைதான்.

அம்மாவின் கண்ணீருக்குள் இரண்டு பயம் இருக்கும். ஒன்று, ஊர் என்ன சொல்லும் என்பது. கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடிய ஊர்கள் இவை. மேடையேறும் பெண்ணைப் பற்றி இன்றைக்கும் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்காக நீங்கள் ஆசையை விட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மற்றது, மகளை யாரும் ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம். அது நியாயமானது. அதனால் இன்றைக்கே அம்மாவிடம் "காசு கட்டப் போவதில்லை" என்று சொல்லுங்கள். அவர் அழுகையை நிறுத்திய பிறகு, நடிப்புப் படிக்க விரும்புவதைச் சொல்லுங்கள். உளச்சார்புப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.