புளோரிடாவுக்குப் போகமுன் தூக்கம் போய்விட்டது

கேள்வி:

வணக்கம். எனக்கு 68 வயது, கணவருக்கு 72. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்து ஓய்வுபெற்றேன். சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். காலையில் மோலில் நடை, வெள்ளிக்கிழமைகளில் கோயில் மடைப்பள்ளியில் உதவி, கிழமையில் மூன்று நாள் மகளின் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து சாப்பாடு கொடுத்து வீட்டுப்பாடம் பார்ப்பது என்று பொழுது போய்விடும்.

முழங்கால் வாதம் இருப்பதால் பனிக்காலம் எனக்குப் பெரும் பாடு. முன்பு இரண்டு மாரிக்கு ஆறு கிழமை மட்டும் புளோரிடாவுக்குப் போய்வந்தோம். இந்த முறை நவம்பர் 20 தொடக்கம் மார்ச் 31 வரை டம்பாவுக்குப் பக்கத்தில் வீடு எடுத்து முற்பணமும் கட்டியாயிற்று. இவர் காரிலேயே போவோம் என்கிறார்.

செப்டெம்பர் கடைசியிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. இரவு இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. போன மாரியில் எங்கள் தெருவில் ஆளில்லாத வீடொன்றில் குழாய் வெடித்துக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். அதை நினைத்து பேஸ்மென்டுக்கு இறங்கிப்போய் தண்ணீர் வரும் பெரிய வால்வைத் தடவிப் பார்ப்பேன். ஈரம் இல்லை என்று திரும்பி வந்து படுத்தால், சரியாகப் பார்த்தேனா என்று மறுபடியும் சந்தேகம். சில இரவுகளில் மூன்று தரம் இறங்கியிருக்கிறேன். இவருக்குக் கோபம். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்கக் குளிசையை இப்போது எடுக்கிறேன். காலையில் தலை மந்தமாக இருக்கிறது.

செப்டெம்பர் 15ஆம் திகதி வைத்தியர் இவருடைய பிரஷர் குளிசையின் அளவைக் கூட்டினார். பயணக் காப்புறுதிக்காரருக்கு அதைச் சொல்ல வேண்டாம், சொன்னால் காசு கூடும் என்கிறார் இவர். மகளோ, “நீங்கள் போங்கோ அம்மா, நாங்கள் எப்படியும் பார்ப்பம்” என்று சொன்னதோடு சரி. அந்த “எப்படியும்” என் நெஞ்சில் கிடக்கிறது. தெரிந்த சனமும், “பேரப்பிள்ளைகளை விட்டிட்டு எப்படி இருக்கப்போறீங்கள்?” என்று கேட்கிறது.

பயணத்தை விட்டுவிடவா? அல்லது எனக்கு ஏதும் மனவருத்தம் தொடங்குகிறதா?

– பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள அம்மா,

பயணத்தை விட வேண்டாம். ஆனால் திகதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வால்வு.

இரவில் இறங்கிப்போய்த் தடவிப் பார்த்ததும் மனம் கொஞ்சம் ஆறுகிறது. அந்த ஆறுதல்தான் உங்களை அடுத்த தரமும் எழுப்புகிறது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும்போது, பார்த்த ஞாபகத்தின் தெளிவு கூடுவதில்லை, குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். மூன்றாம் தரம் பார்த்த பிறகும் உங்களுக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். உங்கள் புத்தியில் குறை எதுவும் இல்லை. ஒரு பயணத்தை ஒட்டி, சில கிழமைகளாக மட்டும் வந்திருக்கும் இந்தப் பழக்கத்தை இப்போதே நோய் என்று சொல்ல மாட்டேன். பயணம் முடிந்தும் தொடர்ந்தாலோ, அடுப்பு, கதவு என்று பரவினாலோ அதற்கான சிகிச்சை இருக்கிறது, நல்ல பலனும் தரும்.

ஆனால் உங்கள் பயத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. பழைய வீடுகளில் வட்டக் கைப்பிடி உள்ள வால்வுதான் இருக்கும். வருடக்கணக்காகத் திருப்பாமல் விட்டால் அது முழுதாக மூடாது. மூடியிருக்கிறதா என்று பார்த்தும் தெரியாது. ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு நெம்புகோல் பிடியுள்ள பந்து வால்வாக மாற்றிவிடுங்கள். பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. படியில் நின்றே தெரியும், தடவ வேண்டியதில்லை.

புறப்படும் நாளில் அதை மூடி, கீழ்த்தளத்திலுள்ள தாழ்ந்த குழாயையும் மேல்மாடிக் குழாயொன்றையும் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். கழிவறைத் தொட்டிகளை ஒருதரம் இழுத்துவிடுங்கள். தண்ணீர் மீற்றரில் உள்ள சிறு கசிவுமுள் அசையாமல் நின்றால் வால்வு உண்மையாகவே மூடியிருக்கிறது. சூடாக்கியை அணைக்கக்கூடாது, 15 பாகையில் விடுங்கள். வீடு வெந்நீர்க் குழாய்களால் சூடாகும் வகை என்றால் தண்ணீரை மூடுமுன் அதைப் பார்க்கும் ஆளிடம் கேளுங்கள். வெளிக் குழாய்க்கு உள்ளே தனி வால்வு இருக்கும். அதை மூடி, வெளிக் குழாயைத் திறந்தே விட வேண்டும். உள்ளே தங்கும் தண்ணீர் உறைந்து விரியும்போதுதான் குழாய் வெடிக்கிறது. கீழ்த்தளத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்பு இருந்தால் அதன் மின்னிணைப்பைக் கழற்ற வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை ஒருதரம் வாசியுங்கள். பனிக்காலத்தில் 4 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், தினமும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும் என்று பல பத்திரங்களில் இருக்கிறது. உங்கள் பத்திரம் என்ன சொல்கிறது என்று முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். திறப்பு யாரிடம், அவர் எந்தெந்த நாளில் வருவார் என்பதையும் அப்போதே முடிவுசெய்யலாம்.

இனிக் கணவரின் குளிசை. இதில் உங்கள் பயம் முழுக்கச் சரி, அவருடைய கணக்குத்தான் பிழை. பயணக் காப்புறுதியில் ஏற்கனவே உள்ள நோய்க்கு, புறப்படும் நாளுக்கு முந்திய 90 அல்லது 180 நாள் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வரும். குளிசையைக் கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும், புதிதாக ஒன்று சேர்த்தாலும், ஒரு பரிசோதனைக்குக் காத்திருந்தாலும்கூட மாற்றம் என்றே பெரும்பாலும் கொள்வார்கள். அங்கே பெரிய உரிமைகோரல் வந்தால் அவர்கள் முதலில் கேட்பது குடும்ப வைத்தியரின் பதிவேட்டை. மறைத்தது தெரிந்தால் கொடுக்க மாட்டார்கள். ஒன்ராறியோ மருத்துவக் காப்பு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது, தீவிர சிகிச்சைக்கே நாளொன்றுக்கு ஆகக்கூடியது 400 டொலர். அமெரிக்க ஆஸ்பத்திரிப் பில்லுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

செப்டெம்பர் 15இலிருந்து 90 நாள் டிசெம்பர் 14இல்தான் முடிகிறது. நவம்பர் 20இல் நீங்கள் புறப்பட்டால் அவருடைய இரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள எதற்கும் காப்பு இல்லாமல் போகலாம். ஜனவரி முதல் கிழமையில் போனால், 90 நாள் நிபந்தனை உள்ள பத்திரம் கிடைக்கும்பட்சத்தில் அந்தப் பிரச்சினை தீர்கிறது. அதுவரை மருந்தில் வேறு மாற்றம் வரக்கூடாது. வந்தால் கணக்கு மறுபடி தொடங்கும். இதற்காக வைத்தியர் சொல்லும் மாற்றத்தை ஒருபோதும் தள்ளிப்போட வேண்டாம், திகதியைத் தள்ளிப்போடுங்கள். பத்திரம் 180 நாள் கேட்டால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.

ஜனவரி என்றால் வேறு சிக்கல்களும் குறைகின்றன. நவம்பர் 20 தொடக்கம் மார்ச் 31 வரை என்றால் வருடத்துக்கு 132 நாள். அமெரிக்க வரித்துறை இந்த வருட நாட்களோடு போன வருடத்தில் மூன்றிலொரு பங்கையும் அதற்கு முந்தியதில் ஆறிலொரு பங்கையும் கூட்டி, 183க்கு வந்தால் வரிவதிவாளர், அதாவது வரிக்கணக்கில் அங்கேயே வசிப்பவர், என்று எடுக்கும். ஒவ்வொரு வருடமும் 132 என்றால் கூட்டுத்தொகை 198. உங்கள் நெருங்கிய தொடர்பு கனடாவோடுதான் என்று காட்ட, ஆண்டுதோறும் 8840 என்ற படிவம் அனுப்ப வேண்டி வரும். ஜனவரி 3 தொடக்கம் மார்ச் 31 வரை 88 நாள், கூட்டினாலும் 132தான். போய்ச்சேரும் நாள், திரும்பும் நாள் இரண்டையும் அவர்கள் முழுநாளாக எண்ணுவார்கள். 2025 ஏப்ரல் 11 முதல், 30 நாளோ அதற்கு மேலோ தங்குபவர்கள் அமெரிக்க அரசிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். ஐ-94 என்ற நுழைவுப் பதிவு இருந்தால் போதும். விமானத்தில் போகிறவர்களுக்கு அது பொதுவாகத் தானாகவே உருவாகிவிடும், தரை எல்லையில் பலருக்கு உருவாவதில்லை. அதற்காகவும், ஜனவரியில் மிச்சிகன், ஒஹாயோ நெடுஞ்சாலைப் பனிக்காகவும், 72 வயதில் 2,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டுவதைவிட ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து விமானத்தில் போவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். கட்டிய முற்பணத்தில் எவ்வளவு போகும் என்று வீட்டுக்காரரிடம் கேட்ட பிறகு இருவரும் பேசி முடிவெடுங்கள். கொஞ்சம் போனாலும் பெறுமதி உண்டு.

மகள் விஷயத்தைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் இருக்கிறது. வால்வுக்கு ஒரு தீர்வு, குளிசைக்கு ஒரு தீர்வு. இரண்டும் முடிந்த பிறகும் விழிப்பு வந்தால் அது பெரும்பாலும் அந்த “எப்படியும்” கொண்டுவருகிற விழிப்புத்தான். மகளிடம் கேட்க முடியாத கேள்வியை நீங்கள் இரவில் வால்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

“நாங்கள் போகட்டோ?” என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது. அடுத்த முறை, பிள்ளைகள் தூங்கிய பிறகு, இப்படிக் கேளுங்கள்: “பிள்ளை, மூன்று நாளும் மூன்றரைக்கு இவையளை யார் எடுக்கிறது? இடம் கிடைக்காட்டி என்ன செய்வாய்?” நாளையும் நேரத்தையும் வைத்துக் கேட்டால் பதிலும் அப்படியே வரும். பள்ளிக்குப் பின்னான பராமரிப்பில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும், இன்றைக்கே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். உங்களால் முடிந்தால் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை நீங்கள் கட்டலாம். டம்பாவும் ரொறன்ரோவும் ஒரே நேர வலயம்; பின்னேரம் ஏழு மணிக்கு வீடியோவில் வீட்டுப்பாடம் பார்ப்பதை நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. மார்ச் இடைவேளையில் அவர்கள் உங்களிடம் வரலாம்.

மகள் உண்மையைச் சொல்லும்போது அவளுக்குக் கோபமும் இருக்கலாம், அழலாம். உடனே “அப்ப நாங்கள் போகேல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் இனி அவள் மனதிலுள்ளதைச் சொல்லவே மாட்டாள். “யோசிச்சு ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன்” என்று மட்டும் சொல்லுங்கள். ஊர்ச்சனத்துக்கு விளக்கம் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

தூக்கத்துக்கு வருகிறேன். பின்னேரம் ஐந்து மணிக்கு 20 நிமிடம் ஒரு கொப்பியோடு மேசையில் இருங்கள். மனதில் வருவதை எல்லாம் எழுதி, செய்யக்கூடியதற்குப் பக்கத்தில் திகதியும் செய்பவரின் பெயரும் போடுங்கள். “கணவர், 22ஆம் திகதி, பிளம்பருக்கு அழைப்பு” என்ற அளவுக்குத் திட்டமாக. செய்ய ஏலாததற்கு ஒரு கோடு மட்டும். இரவில் அது திரும்ப வந்தால், ஐந்து மணிக்குப் பார்க்கலாம் என்று விடுங்கள். விழிப்பு வந்து 20 நிமிடமளவில் தூக்கம் வராவிட்டால் எழும்பி, மங்கல் வெளிச்சத்தில் கதிரையில் இருங்கள். கண் சொருகும்போது படுக்கைக்குப் போங்கள். பேஸ்மென்ட் படி மட்டும் வேண்டாம். முதல் நாலைந்து இரவு பதற்றம் கூடும், பிறகு தணியும். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். பகல் இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணீர் வேண்டாம்.

புளோரிடாவில் இரண்டாம், மூன்றாம் கிழமையில் ஒரு வெறுமை வரக்கூடும். இங்கே உங்களைத் தேடி வரும் ஆட்கள் அங்கே இல்லை. அதனால் போகுமுன்பே கிழமைக்கு இரண்டு நிலையான வேலைகளைப் பிடித்து வையுங்கள். டம்பாவில் கோபுரத்தோடு கூடிய பெரிய இந்துக் கோயில் இருக்கிறது. மடைப்பள்ளிக்கு ஆள் வேண்டுமா என்று இப்போதே கேட்கலாம். தூள் போத்தலைக் கொண்டுபோங்கள், ஆனால் பச்சைக் கறிவேப்பிலையை எடுக்க வேண்டாம். தோடைமரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் தங்குவதால் எல்லையில் பறித்துவிடுவார்கள்.

அந்தத் தூக்கக் குளிசையின் பெட்டியைப் பாருங்கள். டைபென்ஹைட்ரமின் என்று இருந்தால், 65 வயதுக்கு மேல் அது நல்லதல்ல. மந்தம், மறதி, மலச்சிக்கல் கொடுக்கும். இரவில் படியிறங்கும் ஒருவர் விழுவதற்கும் அதுவே காரணமாகலாம். மருந்தாளரிடம் பேசிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு கிழமையில் தூக்கம் திருந்தாவிட்டால், அல்லது பசியும் விருப்பமும் போய்ச் சோர்வாகவே இருந்தால் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள். தாங்க முடியாத எண்ணங்கள் வந்தால் எந்த நேரமும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 9-8-8ஐ அழைக்கலாம். வைத்தியரிடம் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குளிசை மாறிய திகதியையும் அளவையும் அன்றைக்கே எழுத்தில் வாங்கிவந்தால், காப்புறுதிப் படிவத்தை இருவரும் சேர்ந்து அன்று பின்னேரமே நிரப்பலாம்.