மண் ஈரமாக இருந்தும் மிளகாய்க் கன்று துவள்வது
முதலில், மேலும் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். திருகோணமலை நிலாவெளியில் கடலோரக் கிணற்று நீரை இறைத்து மண்ணை ஈரமாக வைத்திருந்தும் கன்றுகள் நண்பகலில் துவள்கின்றன என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் உப்பாக இருக்கும். மண்நீரில் உப்பு கூடக்கூட வேர் அந்த நீரை உறிஞ்சுவது கடினமாகிறது. அதே வேளையில் வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் இலைத்துளைகள் வழியே நீரை விரைவாக வெளியேற்றிவிடுகிறது.

விடியற்காலையில் பாருங்கள். இலைகள் நிமிர்ந்திருந்தால் வேர் உயிரோடுதான் இருக்கிறது. பாத்தியின் காய்ந்த விளிம்பில் வெண்பொருக்கும், முதிர்ந்த இலைகளின் ஓரத்தில் கருகலும் தெரிந்தால் இரண்டு கன்றுகளுக்கு மட்டும் ஒரு வாரம் உப்பில்லாத நல்ல தண்ணீரை அடிவரை வடியும்படி விட்டு மற்றக் கன்றுகளோடு ஒப்பிடுங்கள்.

விடியலிலும் துவண்டே கிடந்தால் உப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு கன்றின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது பக்டீரியா வாடல் நோய், அத்தகைய கன்றுகளை வேரோடு அகற்றிவிடுங்கள்.