அப்பிள் பையின் மேல் தூவும் கிரம்ப் ஏன் உதிராமல் களியாகிறது?

கிரம்ப் என்பது கோதுமை மா, சீனி, பட்டர் மூன்றையும் விரல்நுனியால் பிசறி, அப்பிள் பைக்கு (pie, அப்பிள் துண்டுகளை மாவுக்குள் வைத்து அவணில் சுடும் பலகாரம்) மேல்மூடிக்குப் பதிலாகத் தூவும் உதிரி மா. 125 கிராம் மாவுக்கு 100 கிராம் சீனி, 85 கிராம் பட்டர் கணக்கு.

களியாவதற்குப் பெரும்பாலும் பட்டர்தான் காரணம். அது 32 முதல் 35 பாகை செல்சியஸில் உருகிவிடும். மட்டக்களப்பு மே மாத வெயிலில் மேசையில் வைத்த பட்டர், நீங்கள் மாவை அளந்து முடிக்குமுன்னே பளபளக்கத் தொடங்கும். உருகியது மாவில் ஊறிப் பசையாகும். குளிர்ந்த பட்டரோ சிறு துண்டுகளாக மாவுக்குள் இருந்து, 190 பாகை அவணுக்குள் போன பிறகுதான் உருகும். அதனால் மணிகள் தனித்தனியே நின்று மொறுமொறுப்பாகும்.

பிட்டுக் கொத்துவதை நினையுங்கள். தண்ணீர் கொஞ்சம் கூடினாலே மணி மணியாக வராமல் உருண்டுவிடும் அல்லவா, அதே கதை. நான் பட்டரை ஃப்ரீசரில் இறுக வைத்து, கரட் துருவியில் துருவிப் போடுவேன். கைச்சூடு கூடியவர்கள் முள்ளுக்கரண்டியால் பிசறலாம்.

கிரம்ப் என்ற பெயரைப் பார்த்துப் பாண் தூளைத் தூவுகிறவர்களும் உண்டு. அது கட்லட்டுக்கு, இது வேறு.