வைரல் லோடு 2,100தான், மாத்திரை வேண்டாமா?

கேள்வி: வயது 34. எனக்கு எச்.ஐ.வி. இருப்பதாக இரண்டு வருடம் முன்பு நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) சொன்னார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாததால் மாத்திரை தொடங்கவில்லை. போன மாதம் தெரிந்தவர் ஒருவர் தனியார் லேபுக்குக் கூட்டிப்போனார். வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள கிருமி அளவு) 2,100. ‘ரொம்பக் குறைவு, மனைவிக்குப் பரவாது, லேகியமே போதும்’ என்கிறார். மனைவிக்கு எதுவும் தெரியாது. பிரசவத்தின்போது அவளுக்குப் பார்த்ததில் இல்லை என்றார்கள். மாத்திரை அவசியமா?

பதில்: அவசியம். இந்த வாரமே தொடங்கப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய லேப் சீட்டில் 2,100-ஐச் சுற்றிப் பச்சை மையில் வட்டம் போட்டிருக்கிறது. அது லேப் போட்ட வட்டமாகத் தெரியவில்லை. 2,100 என்பது ஒரு மில்லி லிட்டருக்கான கிருமிக் கணக்கு. ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் அன்றைய கணக்கு மட்டுமே.

கிருமி நுழைந்த முதல் சில வாரங்களில் இந்த எண் பல லட்சத்துக்கு ஏறும். அப்போது சாதாரணக் காய்ச்சல் வரலாம், அதுவும் வராமல் போகலாம். யாரும் பரிசோதனைக்குப் போவதில்லை. பிறகு உடம்பே போராடி அதை இறக்கி வைக்கிறது. பலருக்கு விஷயம் தெரியவருவது இறங்கிய பிறகுதான். எண் இறங்கியதால் கிருமி நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. உள்ளே நோயை எதிர்க்கும் சிடி4 ரத்த அணுக்கள் கரைந்துகொண்டிருக்கும், வெளியே ஆள் நன்றாகவே இருப்பார்.

‘அளவு குறைந்தால் பரவாது’ என்பது மாத்திரை சாப்பிட்டு, 200-க்குக் கீழே போய், அங்கேயே நிற்பவர்களுக்கான பேச்சு. அந்த வாக்கியத்தில் மாத்திரையை உருவிவிட்டு லேகியத்தைச் செருகுவதுதான் இந்தப் புரோக்கர்களின் தொழில். லேப் கமிஷன் தனி, லேகியக் காசு தனி.

உங்களைக் கூட்டிப்போனவர் அடுத்து, ‘மருந்தே இல்லாமல் கட்டுப்படுத்துகிறவர்கள் உண்டு’ என்பார். உண்டு, நூறில் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்கு எண் 50-க்குக் கீழே, வருடக்கணக்கில், திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அப்படியே இருக்கும். நான் பார்த்தது இருவரை. ஒருவருக்கு எட்டாம் வருடம் சிடி4 சரிந்தது. இன்னொருவர் அதற்குக் காத்திராமல் மாத்திரைக்கு வந்துவிட்டார். 2,100 உள்ள நீங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

‘சிடி4 குறைந்தால்தான் மாத்திரை’ என்று யாராவது சொன்னால், அது பழைய விதி. 2017 முதல் எண் எதுவானாலும் உடனே சிகிச்சை. அரசின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் மாத்திரை இலவசம், பெரும்பாலும் தினம் ஒன்றுதான். ஆறு மாதத்தில் வைரல் லோடு பார்ப்பார்கள், அதற்கும் காசில்லை. ஆனால் அரை நாள் கூலி போகும், சீட்டுக்கு ஒரு வரிசை, கவுன்சிலருக்கு ஒரு வரிசை, ரிசல்ட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு. ஒரு தினக்கூலி இதை எப்படித் தாங்குவார் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. புரோக்கர் நிற்பது அந்த வரிசையின் ஓரத்தில்தான்.

அப்புறம், மனைவி. பிரசவத்தில் ‘இல்லை’ என்றது அன்றைக்கு மட்டும் செல்லும். இப்போது மறுபடி பார்க்க வேண்டும். அவருக்கு இருப்பது தெரிந்தால் குழந்தைக்கும். சொல்ல வாய் வரவில்லை என்றால் கவுன்சிலர் முன்னால் சேர்ந்து உட்காருங்கள், அது அவர்கள் வேலை. எண் இறங்கி நிலைக்கும் வரை ஆணுறை கட்டாயம்.

உள்ளூரில் தெரிந்தவர் பார்ப்பாரே என்று தயங்கினால் பக்கத்து மாவட்ட மையத்துக்குப் போகலாம். எது அருகில் என்று 1097-ல் கேளுங்கள், அழைப்பு இலவசம். நம்பிக்கை மையம் தந்த சீட்டையும் அடையாள அட்டையையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.