"கொழும்பில் இரண்டு வருடம் படித்த கிரெடிட்டோடு (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகள்) அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால், மிச்சம் இரண்டு வருடம்தானே?" என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தத் "தானே"யைக் கண்டதால்தான் எழுதுகிறேன். நீங்களும் காலி வீதியில் "2+2" பதாகை பார்த்துச் சேர்ந்த ஆளாகத்தான் இருப்பீர்கள். நானும் அப்படித்தான்.

என்னிடம் 62 கிரெடிட் இருந்தது. டி தரம் எடுத்த ஒரு பாடத்தைக் கழித்து 58ஐ ஏற்றுக்கொண்டோம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அம்மா வெள்ளவத்தையில் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தா. போய் இறங்கிய பிறகுதான் அங்குள்ள பல்கலைக்கழக ஆலோசகர் கணக்கைக் காட்டினார். என் பட்டத்துக்கு வேண்டிய பாடங்களோடு பொருந்தியது 37. மிச்சம் 21ம் விருப்பப் பாடம். அதில் 12க்குத்தான் இடம். 9 கிரெடிட் ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற பெறுபேற்றுத் தாளில் அழகாக இருந்தது, ஒன்றுக்கும் உதவவில்லை. ஏற்றுக்கொள்வது வேறு, பட்டத்தில் எண்ணுவது வேறு. 120 வேண்டிய இடத்தில் கையில் 49. இரண்டு வருடம் இரண்டரை ஆயிற்று. ஜிபிஏ என்ற புள்ளிச் சராசரியும் பூச்சியத்திலிருந்து.

"என் மச்சானுக்கு எல்லாம் எண்ணினார்கள்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: எண்ணியிருப்பார்கள். பாடத்துக்குப் பாடம் ஒப்பந்தம் உள்ள இடத்துக்குப் போனால் அப்படி நடக்கும். மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை.

எண்ணிக்கையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள், நாட்டுக்கு நாடு கிரெடிட்டின் அளவு வேறு. எச்என்டி (உயர் தேசிய டிப்ளோமா) முடித்து "என்னிடம் 240 இருக்கு" என்பார்கள். அது பிரித்தானியக் கணக்கு: ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலம், ஹொனர்ஸ் பட்டத்துக்கு 360. எங்கள் எஸ்எல்கியூஎஃப்பில் (இலங்கைத் தகைமைகள் சட்டகம்) ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம், மூன்று வருடப் பட்டத்துக்கு 90. அமெரிக்காவில் பெரும்பாலும் 120, அதிலும் கடைசி 30ஐயாவது தங்களிடமே படிக்கச் சொல்லும் இடங்கள் பல.

பெயர்ச் சிக்கல் இன்னொன்று. முதலெழுத்தை விரிக்கச் சொன்னார்கள், விரித்தேன். இரண்டரை வருடமும் வகுப்பில் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

போகுமுன், எந்தப் பாடம் உங்கள் மேஜரில் (பட்டத்தின் முதன்மைத் துறை) எதற்குப் பதிலாக எண்ணப்படும் என்று பாடவாரியாக எழுத்தில் வாங்குங்கள். மொத்தம் சொன்னால் விடாதீர்கள். இங்குள்ள ஒவ்வொரு பாடத்தின் கோர்ஸ் அவுட்லைனையும் படிக்கும்போதே எடுத்து வையுங்கள். நான் பிறகு கேட்டபோது பாடத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள். ரசீதும் தரவில்லை.