வாசகர் கேள்வி – பதில்: பீட்டர் கேப்ரியலின் தனிவழி

பிரிட்டிஷ் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் வாழ்க்கை பற்றியும், ஜெனிசிஸ் குழுவிலிருந்து பிரிந்தபின் அவர் உருவாக்கிய இசை பற்றியும் வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: ஜெனிசிஸ் குழுவின் முகமாகவே அறியப்பட்டவர், குழுவின் புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் விலகியது ஏன்? சக கலைஞர்களுடன் சண்டையா?

பதில்: மனத்தாங்கல் இருந்தது, ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. 1950 பிப்ரவரி 13 அன்று பிறந்த கேப்ரியல், இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் சோபம் என்ற ஊருக்கு அருகில் உள்ள பண்ணை ஒன்றில் வளர்ந்தவர். சார்ட்டர்ஹவுஸ் என்ற உறைவிடப் பள்ளியில் படித்தபோது டோனி பேங்க்ஸ், மைக் ரதர்ஃபோர்டு, ஆந்தனி பிலிப்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1967இல் அவர் தொடங்கிய குழுதான் ஜெனிசிஸ். டிரம்ஸ் வாசிக்க ஃபில் காலின்ஸும், கிதார் வாசிக்க ஸ்டீவ் ஹேக்கெட்டும் பின்னர் வந்து சேர்ந்தார்கள். 1972இல் டப்ளின் மேடையில், சக கலைஞர்களுக்குக்கூட முன்கூட்டிச் சொல்லாமல், மனைவியின் சிவப்பு உடையையும் நரித் தலை முகமூடியையும் அணிந்துகொண்டு கேப்ரியல் தோன்றினார். அன்றிலிருந்து பத்திரிகைகள் அவரது வேடங்களைப் பற்றியே எழுதின. எல்லோரும் கூடி இசையமைத்த ஒரு குழுவில் பாராட்டு முழுவதும் ஒருவரிடமே போய்ச் சேர்ந்தது மற்றவர்களுக்கு உறுத்தலாக இருந்ததில் வியப்பில்லை.

1974இல் வெளிவந்த 'தி லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' என்ற இரட்டை ஆல்பத்தின்போது நிலைமை முற்றியது. கதையைத் தாமே எழுத வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். திரைப்பட இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினிடமிருந்து எழுத்துப் பணிக்கு அழைப்பு வந்தபோது, குழுவைச் சிறிது காலம் நிறுத்திவைக்கலாமா என்ற பேச்சே கசப்பை வளர்த்தது. அதே ஆண்டு பிறந்த முதல் குழந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருந்ததால், வேல்ஸில் நடந்த ஒலிப்பதிவுக்கும் லண்டன் மருத்துவமனைக்கும் இடையே அவர் மாறி மாறி ஓட வேண்டியிருந்தது. ஒரு தகப்பனின் அந்த அவசரத்தைக் குழு போதுமான அளவு புரிந்துகொள்ளவில்லை என்ற வருத்தம் அவரிடம் தங்கிவிட்டது. இந்தப் பிரிவின் வேர் மேடையில் எழுந்த பொறாமையைவிட இந்த வருத்தத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். விலகும் முடிவை 1974 நவம்பரிலேயே குழுவினரிடம் சொல்லிவிட்டார். ஆயினும், ஒப்புக்கொண்ட சுற்றுப்பயணத்தை 1975 மே மாதம் வரை முழுமையாக முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினார்.

1977இல் வந்த 'சால்ஸ்பரி ஹில்' என்ற பாடல் இந்த விலகலிலிருந்து பிறந்தது. பாத் நகருக்கு அருகில் உள்ள ஒரு குன்றின் பெயர் அது. பாட்டின் பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. கர்நாடக இசையின் மிச்ர சாபு தாளத்தில் பழகிய காதுக்கு ஏழு என்பது சிரமமே இல்லை. ஆனால் நான்கு எண்ணிக்கையிலேயே ஊறிய ராக் இசையில் அதை வானொலியில் எல்லோரும் முணுமுணுக்கும் மெட்டாக்கியது எளிய காரியம் அல்ல.

கேள்வி: முதல் நான்கு தனி ஆல்பங்களுக்கும் 'பீட்டர் கேப்ரியல்' என்ற ஒரே பெயரை வைத்தது ஏன்?

பதில்: ஒரு பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ்கள் போல அவை அமைய வேண்டும் என்று அவர் விரும்பினார். பெயர் மாறாது, அட்டை மட்டும் மாறும். அதனால் ரசிகர்கள் அட்டைப்படங்களைக் கொண்டே அவற்றுக்குப் பெயர் சூட்டினார்கள்: 1977இல் வந்தது 'கார்', 1978இல் வந்தது 'ஸ்கிராட்ச்', 1980இல் வந்தது 'மெல்ட்'. 1982இல் வந்த நான்காவது ஆல்பத்தை அமெரிக்க நிறுவனம் 'செக்யூரிட்டி' என்ற பெயரில் வெளியிட்டது.

கேள்வி: எண்பதுகளின் பாடல்களில் இடிபோல ஒலித்துச் சட்டென்று அறுபடும் டிரம்ஸ் ஒலியை ஃபில் காலின்ஸ் கண்டுபிடித்தார் என்று படித்தேன். கேப்ரியலுக்கு அதில் பங்கு உண்டா?

பதில்: உண்டு, அதுவும் அடிப்படையான பங்கு. அந்த ஒலி உருவானது கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தின் பதிவில், லண்டன் டவுன்ஹவுஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட். ஒலிப்பதிவாளர் ஹியூ பேட்ஜம். ஆல்பம் முழுவதிலும் சிம்பல் (டிரம்ஸுடன் வைத்துத் தட்டும் உலோகத் தட்டு) ஒலிக்கக் கூடாது என்று கேப்ரியல் விதித்திருந்தார். பழைய நண்பர் காலின்ஸ் சில பாடல்களுக்கு டிரம்ஸ் வாசிக்க வந்திருந்தார். அறையில் இருக்கும் கலைஞர்கள் பேசுவது ஒலிப்பதிவாளருக்குக் கேட்பதற்காகத் தொங்கவிட்டிருந்த மைக் ஒன்று, மெல்லிய பேச்சையும் உயர்த்திக் காட்டுவதற்காக ஒலியைக் கடுமையாக அழுத்தும் சுற்றுடன் இணைக்கப்பட்டிருந்தது. அந்த மைக் வழியே டிரம்ஸ் கேட்டபோது அறையின் எதிரொலி பூதாகரமாகப் பெருகி வந்தது. அதனுடன், ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவைச் சாத்துவதுபோல நிறுத்திவிடும் 'நாய்ஸ் கேட்' கருவியும் சேர்ந்தது. எதிரொலி இயல்பாக அடங்குவதற்குள் வெட்டுப்பட்டு, அடிக்கும் அடிக்கும் இடையே முழு மௌனம் நின்றது. கேப்ரியல் அந்தத் தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கச் சொல்லி, அதன்மேல் 'இன்ட்ரூடர்' என்ற பாடலைக் கட்டினார்.

இங்கே சிம்பல் இல்லாமைதான் முக்கியம். சிம்பலின் ஒலி நீண்டு நிற்பது; அது ஒலித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கதவு மூடவே மூடாது, இடைவெளியும் கிடைக்காது. காலின்ஸ் 1981இல் 'இன் தி ஏர் டுநைட்' பாடலில் இதே முறையைக் கையாண்டு உலகெங்கும் பரப்பினார் என்பதால் பெயர் அவரிடம் நிலைத்துவிட்டது. தட்டியவர் காலின்ஸ், பதித்தவர் பேட்ஜம். அந்த ஒலிக்கு இடம் கொடுத்தது கேப்ரியல் போட்ட தடை என்று மூவருக்கும் பகிர்ந்து கொடுப்பதே நியாயம்.

எதையாவது விலக்கிவிட்டு எஞ்சியதைக் கொண்டு இசை அமைப்பது அவரிடம் பின்னரும் தொடர்ந்த பழக்கம். 2010இல் பிறருடைய பாடல்களைப் பாடி வெளியிட்ட 'ஸ்கிராட்ச் மை பேக்' ஆல்பத்தில் டிரம்ஸும் இல்லை, கிதாரும் இல்லை. வாத்தியக்குழுவும் பியானோவும் அவரது கரகரப்பான குரலுமே இருக்கின்றன.

கேள்வி: 'பீகோ' என்ற பாடல் யாரைப் பற்றியது?

பதில்: தென்னாப்பிரிக்காவில் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தை முன்னின்று நடத்திய ஸ்டீவ் பீகோவைப் பற்றியது. 1977 ஆகஸ்டில் கைதான அவர், காவலில் தாக்கப்பட்டுத் தலையில் ஏற்பட்ட காயங்களால் செப்டம்பர் 12 அன்று பிரிட்டோரியாவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 30. மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாடலாக வரும் இது, பீகோவின் இறுதிச் சடங்கில் பதிவுசெய்யப்பட்ட மக்களின் பாட்டோடு தொடங்கி அத்தகைய பாட்டோடு முடிகிறது. நடுவே வரும் வரிகளில் கேப்ரியல் முழங்கவில்லை. நாளையும் இடத்தையும் சொல்லி, செய்தி கேட்ட ஒரு சாதாரண மனிதனின் திகைப்போடு பாடுகிறார். அரசியல் பாடல்களில் பெரும்பாலானவை காலம் கடந்ததும் வெறும் கோஷமாகத் தோன்றும்போது, இது அப்படி ஆகாததற்கு அந்த அடக்கம்தான் காரணம் என்று நம்புகிறேன். தென்னாப்பிரிக்க அரசு பாடலைத் தடை செய்தது. 1988இல் நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளையொட்டி வெம்பிளி அரங்கில் நடந்த நிகழ்ச்சியிலும் கேப்ரியல் இதைப் பாடினார்.

கேள்வி: பிற நாடுகளின் இசையை மேற்கில் அறிமுகப்படுத்தியவர் என்று அவரைப் புகழ்கிறார்கள். அது வெறும் அலங்காரப் பேச்சா?

பதில்: இல்லை. அதற்காக அவர் கைப்பொருளை இழந்திருக்கிறார். 1982 ஜூலையில் சாமர்செட் மாவட்டத்தின் ஷெப்டன் மாலட்டில் பல நாட்டு இசையை ஒரே இடத்தில் கேட்கச் செய்ய அவரும் நண்பர்களும் நடத்திய முதல் 'வோமாட்' விழா, இசையளவில் நிறைவாக இருந்தும் பெரும் கடனில் முடிந்தது. அந்தக் கடனைத் தீர்க்க உதவியவர்கள், ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் விட்டுப் பிரிந்த ஜெனிசிஸ் குழுவினரே. 1982 அக்டோபர் 2 அன்று மில்டன் கீன்ஸ் திறந்தவெளி அரங்கில், மழையில், அவருடன் சேர்ந்து ஒரே ஒரு நிகழ்ச்சியை நடத்திக் கொடுத்தார்கள். இது தெரிந்த பிறகு, அவர்களுக்குள் பகை என்று பேசுவதில் பொருளில்லை.

விழா நிலைத்து, பல நாடுகளுக்குப் பரவியது. வில்ட்ஷரில் பாக்ஸ் என்ற கிராமத்தில் அவர் அமைத்த ரியல் வேர்ல்டு ஒலிப்பதிவுக் கூடமும், 1989இல் தொடங்கிய அதே பெயருள்ள இசை நிறுவனமும் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரலைப் புதிய கேட்பவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' படத்துக்காக கேப்ரியல் அமைத்த இசை 'பேஷன்' என்ற ஆல்பமாக வந்தபோது, அதில் நுஸ்ரத்தின் குரலும், செனகல் பாடகர் யூசு என்டூரின் குரலும், சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கரின் இரட்டை வயலினும் இடம்பெற்றன. கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது.

கேள்வி: 'ஸ்லெட்ஜ்ஹேமர்' பாடலுக்குப் பிறகு அவர் வணிகப் பாதைக்குப் போய்விட்டார் என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். உங்கள் கருத்து என்ன?

பதில்: நண்பரோடு உடன்பட மாட்டேன். டேனியல் லனாய்ஸுடன் சேர்ந்து தயாரித்த 1986இன் 'சோ' ஆல்பம் மிகப் பெரிய அளவில் விற்றது உண்மை. 'ஸ்லெட்ஜ்ஹேமர்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அங்கிருந்து இறங்கியது ஜெனிசிஸின் 'இன்விசிபிள் டச்' பாடல்தான். ஆயினும் அந்தப் பாடலில் இருப்பது, இளம்வயதில் லண்டனில் அமெரிக்க சோல் இசைப் பாடகர் ஓடிஸ் ரெடிங்கை மேடையில் கண்டு மயங்கியவரின் நன்றிக்கடன். ரெடிங்குடன் வாசித்த டிரம்பெட் கலைஞர் வேய்ன் ஜாக்சனையே தேடி அழைத்து அதில் வாசிக்க வைத்தார். அதன் காணொளிக்காகக் கண்ணாடித் தகட்டின் கீழே மணிக்கணக்கில் அசையாமல் படுத்துக்கிடந்து, ஒவ்வொரு சட்டகமாகப் படம்பிடிக்க ஒத்துழைத்தார். 1987இல் அந்தக் காணொளி எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியின் ஒன்பது விருதுகளைப் பெற்றது. அதே ஆல்பத்தில்தான் வேலையிழந்த மனிதனின் துயரைச் சொல்லும் 'டோன்ட் கிவ் அப்' இருக்கிறது. அதில் பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் ஆறுதலின் குரலாக வருகிறார். வணிகம் மட்டுமே நோக்கமாக இருந்தால் அடுத்த ஆல்பத்துக்கு 1992 வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அதற்கடுத்த 'அப்' 2002இல் வந்தது. புதிய பாடல்கள் கொண்ட அடுத்த ஆல்பமான 'ஐ ஓ' 2023 டிசம்பரில்தான் முழுமையாக வந்தது. அதன் பாடல்களை அந்த ஆண்டின் பௌர்ணமிதோறும் ஒவ்வொன்றாக வெளியிட்டிருந்தார்.

கேள்வி: புதிதாகக் கேட்க விரும்புபவர் எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

பதில்: பலரும் 'சோ' ஆல்பத்தைச் சொல்வார்கள், நான் 1980இன் மூன்றாவது ஆல்பத்தைச் சொல்வேன். அது முதலில் முரடாகத் தோன்றலாம், ஆனால் அவருடைய துணிவு முழுவதும் அதில் இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் நிறுவனம் இதை வெளியிட மறுத்தது. பிரிட்டனிலோ இது முதலிடம் பெற்றது. 'இன்ட்ரூடர்' பாடலை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, வரிசை மாற்றாமல் 'பீகோ' வரை செல்லுங்கள். 'சோ' ஆல்பத்தை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.