வில்லாவை ஏன் யாரும் பேசறதில்ல?

கேள்வி: 2010 ஃபுட்பால் வேர்ல்ட் கப்னாலே பைனல்ல ஸ்பெயினை ஜெயிக்க வச்ச இனியெஸ்டா கோலைத்தான் எல்லாரும் சொல்றாங்க. டேவிட் வில்லா அந்த டீம்ல சும்மா நின்னாரா என்ன? – வாசகர், காயல்பட்டினம்

பதில்: உங்க கோபம் நியாயம்தாங்க. அந்த டோர்னமென்ட்ல ஸ்பெயின் மொத்தமா அடிச்சதே 8 கோல், அதுல 5 வில்லாவோடது. முதல் மேட்ச்லயே சுவிட்சர்லாந்துகிட்ட 0-1னு தோத்துட்டு டீமே முழிச்சிட்டு நின்னுச்சு, அதுக்கப்புறம் ஹோண்டுராஸ், சிலி, போர்ச்சுகல், பராகுவேன்னு வரிசையா நாலு மேட்ச்லயும் ஸ்பெயினோட முதல் கோல் இவரோடதுதான். பராகுவே கோலை யூடியூப்ல ஒருதடவை போட்டுப் பாருங்க, 83வது நிமிஷம், பெட்ரோ அடிச்சது போஸ்ட்ல பட்டு திரும்பி வருது, வில்லா அடிக்கிறார், அதுவும் ஒரு போஸ்ட்ல பட்டு, கோல் லைன் ஓரமாவே உருண்டு போய் எதிர் போஸ்ட்லயும் பட்டுட்டுதான் உள்ள போகுது. பாக்கற நமக்கே மூச்சு நின்னுடும். ஆனா பைனல்ல 116வது நிமிஷத்துல அடிச்சவனைத்தானே ஊர் ஞாபகம் வச்சிருக்கும், என்ன பண்றது.

இன்னொண்ணு, ஹோண்டுராஸ் மேட்ச்ல ஒரு பெனால்டியை வெளிய அடிச்சிட்டார். அது மட்டும் உள்ள போயிருந்தா 6 கோல், அதிக கோல் அடிச்சவருக்குக் குடுக்கற கோல்டன் பூட் அவர் கைல. 5 கோல்ல சமமா நின்னதால அசிஸ்ட் (அடுத்தவர் கோல் அடிக்க பந்தை எடுத்துக் குடுக்கறது) கணக்கு பாத்து ஜெர்மனியோட முல்லருக்குக் குடுத்துட்டாங்க.

கேள்வி: அவர் ரைட் காலா, லெஃப்ட் காலா? – வாசகர், திருச்சி

பதில்: பிறவியிலேயே ரைட்டு. ஸ்பெயின்ல அஸ்தூரியாஸ் பக்கம் நிலக்கரிச் சுரங்க ஊர்ல பிறந்தவர், அப்பா சுரங்கத் தொழிலாளி. நாலு வயசு வாக்குல வலது தொடை எலும்பு முறிஞ்சு கட்டு போட்டுக் கெடந்தப்போ, அப்பா விடாம பந்தைப் போட்டு லெஃப்ட்ல அடிக்க வச்சிருக்கார். சிலி மேட்ச்ல கோல்கீப்பர் முன்னாடி ஓடி வந்துட்டார்னு தெரிஞ்சதும் அவ்ளோ தூரத்துலேர்ந்து காலி கோலுக்குள்ள அனுப்பினாரே, அது அந்த லெஃப்ட் கால்தான்.

கேள்வி: பார்சிலோனால சொதப்பிட்டார்னு என் ஃப்ரெண்டு சொல்றான், உண்மையா? – வாசகர், சேலம்

பதில்: உங்க ஃப்ரெண்டு மெஸ்ஸியை மட்டும் பாத்துட்டு இருந்திருப்பார்! 2010ல 40 மில்லியன் யூரோ குடுத்து வாங்கினாங்க, முன்னாடி வலென்சியா கிளப்ல நடுவுல நின்னு கோலா குவிச்ச ஆளை இங்க மெஸ்ஸிக்காக லெஃப்ட் ஓரத்துக்குத் தள்ளினாங்க, அவரும் மூஞ்சியைத் தூக்காம ஆடினார். அந்த நவம்பர்ல ரியல் மாட்ரிட்டை 5-0ன்னு நொறுக்கின மேட்ச்ல ரெண்டு கோல் இவர். 2011 சாம்பியன்ஸ் லீக் பைனல்ல மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரா பாக்ஸ் ஓரத்துலேர்ந்து வளைச்சு மேல் மூலைல வச்ச கோல் இருக்கே, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சுன்னு நான் சொல்வேன். கெட்ட நேரம், அதே டிசம்பர்ல ஜப்பான்ல கிளப் வேர்ல்ட் கப் ஆடும்போது கீழ்க்கால் எலும்பு முறிஞ்சுது, 2012 யூரோவும் போச்சு. அடுத்த வருஷம் 5 மில்லியன் சொச்சத்துக்கு அத்லெடிகோ மாட்ரிட்டுக்குத் தள்ளி விட்டாங்க. 2014ல ஸ்பெயின் லீக் பட்டத்தை அத்லெடிகோ தூக்குச்சு, அதுவும் கடைசி மேட்ச்ல பார்சிலோனா கிரவுண்ட்லயே! நல்லா வேணும்.

கேள்வி: ஸ்பெயினுக்கு அதிக கோல் யாரு, ராவுலா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லைங்க. ராவுல் 44, வில்லா 98 மேட்ச்ல 59. 2014 வேர்ல்ட் கப்ல ஸ்பெயின் ரெண்டு மேட்ச்லயே வெளிய போயாச்சு, ஆஸ்திரேலியாவோட ஒப்புக்கு ஒரு மேட்ச், அதுல குதிகாலால தட்டி ஒரு கோல் போட்டார். அப்புறம் பாத்தா மேட்ச் பாதில மாத்திட்டாங்க, பெஞ்சுல உக்காந்து அழுதார். கோச் அவரை முழு மேட்ச் ஆட விட்டிருக்கலாம்.

கேள்வி: எப்போ ரிட்டயர் ஆனார்? – வாசகர், தேனி

பதில்: நியூயார்க்ல நாலு சீசன் ஆடி அங்க ஒரு எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) அவார்டும் வாங்கிட்டு, கடைசியா ஜப்பான்ல விஸ்ஸல் கோபேங்கற கிளப். 2020 ஜனவரி 1, ஜப்பானோட எம்பரர்ஸ் கப் பைனல், 2-0 ஜெயிச்சாங்க, அதோட ரிட்டயர். அந்த கிளப்புக்கு அதுதான் முதல் கப்பு.